இரண்டு விரற்கடை

அவிராவின் சவப்பெட்டிப் பட்டறையில் மரத்தூள் மேல்நோக்கித்தான் விழும். கோதமங்கலம் போகிற வழியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சனிக்கிழமைதோறும் ஏணி போட்டு உத்தரத்தைக் கூட்டுவது வழக்கம். தரையில் துடைப்பம் பட்டே வருஷக்கணக்காகிறது.

பட்டறைக்குப் புதுக் கூரை போட்டபோது வந்த வினை இது. கூரையைத் தாங்க நாலு பெரிய ஆஞ்சிலித் தூண்கள் மில்லிலிருந்து வந்திறங்கின. மரமாக நின்றபோது வேர் எந்தப் பக்கமோ, தூணுக்கும் அதுதான் அடிப்பக்கமாக வேண்டும் என்பது அங்கே யாரும் மீறாத வழக்கம். சதுரமாக அறுத்துவிட்டால் இரண்டு முனையும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் குமாரன் ஆசாரி வேர்முனைகளில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு வைத்தார். இடவப்பாதிப் பருவமழை வந்து ஒரு தூணின் குறியை மட்டும் கழுவிக்கொண்டு போயிற்று.

“மொதலாளி, இதுல எது தலை எது காலுன்னு தெரியலை. வெயில் வரட்டும், காய்ஞ்சதும் பார்த்துச் சொல்றேன்.”

“ஓணத்துக்கு முன்னாடி ஏது ஆசாரி வெயிலு? கான்கிரீட்ல போல்ட் எறக்கி முடுக்கிட்டா, தலையா இருந்தா என்ன, காலா இருந்தா என்ன? நிக்கவேண்டியதுதான்!”

தரையைத் துளைத்து, துளைக்குள் கிடந்த தூளை ஊதித் தள்ளி, இரும்புப் பாதத்தை நாலு போல்ட்டால் இறுக்கி, அதில் தூணை நிறுத்தினார்கள். மரம் கான்கிரீட்டைத் தொட்டால் ஈரத்தைக் குடித்து உளுத்துப்போகும் என்று நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டார்கள். அவிரா அதற்குள் கையைத் தட்டையாக நுழைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

தூண் தலைகீழாகத்தான் நின்றது. வேர்முனை மேலே இருந்ததால் அது வேர் பிடிக்க வானத்தைத் தேடி இழுத்தது, நட்டுகள் தினமும் தளர்ந்தன. கழற்றித் திருப்பலாமென்றால் கூரையோடு கிளம்பிவிடும் என்று ஆசாரி கையை விரித்துவிட்டார். அவிராவின் மனைவி ஏலிக்குட்டி அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துதான் பெட்டிகளுக்கு உள்துணி தைப்பாள். சாயங்கால மணி அடித்ததும் ஸ்பானரை எடுத்து நாலு நட்டையும் முடுக்கிவிட்டு ஜெபத்துக்குப் போவாள். முதலில் மரத்தூள் மேலே போயிற்று. பிறகு கோழிகள் உள்ளே வருவதை நிறுத்தின. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முழங்காலிட்டிருந்த ஏலிக்குட்டி, எழுந்தபோது வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து மடியில் பெட்டிக் கீல்களைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

“ஏடி ஏலி, இனி அந்தத் தூணுகிட்ட உட்காராதே.”

“இத்தனை நாள் உட்கார்ந்தாச்சு, இனி எந்திரிச்சு என்ன ஆகப்போகுது? உங்களுக்கு லாபம்தானே இச்சாயா, கட்டில் கிறீச்சுன்னு கத்தாது.” சிரித்துவிட்டு அவளே சொன்னாள்: “நான் செத்தா மட்டும் என்னை முடுக்கிப் போட்டுடாதீங்க. போற போக்குல விட்டுடணும்.”

அவிரா தலையாட்டினார். ஆனால் மடியில் இரும்பில்லாமல் அவள் முற்றத்தில் இறங்கிவிடுவாளோ என்பது ஒன்றுதான் அந்த மனிதருக்கு இருந்த பயம். வெளியே போனால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடப்பார். ஊர் கேலி செய்தது, அவர் விடவில்லை.

ஒரு மழைக்காலக் காய்ச்சலில் ஏலிக்குட்டி போய்ச் சேர்ந்தாள். பெட்டியைத் தூக்க வந்தவர்கள் அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கல்லறையின் மூடிக்கல்லில் அவிரா துளை போட்டு நாலு போல்ட் இறக்கினார்.

“எல்லாரும் மேல போகத்தானே அவிரா ஜெபம் பண்றோம்? நீ பூட்டுறியே!” என்றார் பாதிரியாரான பங்கு அச்சன்.

“போகட்டும் அச்சோ. இப்ப வேண்டாம்.”

கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் மெழுகுவர்த்தியோடு வந்தால் அவிரா ஸ்பானரோடும் வருவார். மூடிக்கல்லுக்கு அடியில் பெட்டி மெல்ல இடிக்கும் சத்தம் கேட்கும். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள். கொடுத்த வாக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குத்தினாலும் முடுக்கினார், கிழவராகிக் கை நடுங்கும்வரை முடுக்கினார்.

போன திருநாளில் ஸ்பானர் மறுபக்கம் திரும்பியது. “போடி ஏலி. உன்னை ரொம்ப நாள் பிடிச்சு வச்சுட்டேன்” என்றபடி நாலு நட்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். பெட்டி கல்லைத் தலையில் சுமந்தபடி எழும்பியது. இரண்டு விரற்கடை எழும்பி, அப்படியே நின்றது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு கல்லைப் பார்த்தார்கள். அதற்கு மேல் அது அசையவேயில்லை.

அவிரா மண்டியிட்டு அந்த இடைவெளியில் கையைத் தட்டையாக நுழைத்தார். உள்ளே ஈரமில்லை. “விட்டாலும் போகமாட்டியாடி?” என்று தேம்பித் தேம்பி அழுதார்.

மூடிக்கல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, போல்ட் இல்லாமல். தேவாலயத்தைப் பெருக்கும் கப்யார், சருகையும் மெழுகுத் துண்டுகளையும் அதன் அடியில் துடைப்பத்தை விட்டுக் கூட்டியெடுக்கிறார்.