பதினாலாவது கேள்வி

பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். சனிக்கிழமைதோறும் நான் படிக்கப்போன பாளையங்கோட்டை வேதாகமக் கல்லூரிக்குக் கட்டவேண்டிய பாக்கி அது. இரண்டு வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம். ஐந்தாயிரத்து முன்னூற்று ஐம்பது கட்டியிருந்தேன். மீதியைக் கட்டாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் உபதேசியார் வேலை கிடையாது. அந்த வேலை இல்லாவிட்டால் சாகிறவரைக்கும் மூட்டைதான்.

சேரன்மகாதேவியில் ஓர் அரிசி ஆலையில் இருபத்தெட்டு வருஷமாக நான் லோடுமேன். முப்பத்தொன்பதாம் வயதுவரை கூலிப் புத்தகத்தில் கைநாட்டுத்தான். அப்புறம் சபையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த முதியோர் வகுப்பில் பைபிளை வைத்தே எழுத்துக் கூட்டினேன். இப்போது ஐம்பத்திரண்டு. முதுகுத்தண்டில் இரண்டு எலும்பு தேய்ந்துவிட்டதாகப் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை.

"சான்றிதழோட வாரும். சின்னச் சபை ஒண்ணுக்கு உம்மைச் சொல்லி விடுதேன்" என்றார் எங்கள் குருவானவர். குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துகிறவர்தான் உபதேசியார். ஒன்பதாயிரம் சம்பளம், கோவிலை ஒட்டி ஓர் அறை. அந்த அறையை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த மூலையில் கட்டில் போடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அருட்பணியும் பண்பாடு கடந்த ஊழியமும் என்று படிப்புக்குப் பெயர். பத்தொன்பது பேரில் நான்தான் மூத்தவன். மற்றவர்கள் செல்போனில் குறிப்பு எடுப்பார்கள். நான் கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். ஸ்வீட்லின் டீச்சருக்கு என் மகள் வயது.

"எலியேசர் அண்ணன், பிறத்தி ஜனங்ககிட்ட போனா முதல்ல என்ன செய்யணும்?"

"சுவிசேஷம் சொல்லணும் டீச்சர்."

"கூடாது. அவங்க சாப்பிடுததைச் சாப்பிடணும். அவங்க பாஷை படிக்கணும். அவங்க உங்களை நம்பணும். நம்பின பொறவுதான் வாயைத் திறக்கணும்."

கடைசிப் பருவத்தில் களப்பணி. நாற்பது நாள் வேறு பாஷை பேசுகிற ஜனங்களோடு தங்கி, அச்சடித்த தாளில் இருபது கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். பிள்ளைகளெல்லாம் ஜார்க்கண்டுக்கும் ஒடிசாவுக்கும் ரயில் ஏற டிக்கெட் போட்டார்கள். நாற்பது நாள் கூலியை விட்டுவிட்டு நான் எங்கே போக?

"நான் போகவேண்டாம் டீச்சர். அவங்க இங்கன வந்துட்டாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப அங்கனயே செய்யுங்க" என்றார்.

வந்துதான் இருந்தார்கள். எங்கள் ஆலையில் ஒரு காலத்தில் இருபத்திரண்டு லோடுமேன். இப்போது உள்ளூர்க்காரர்கள் நாலு பேர். மீதி வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒன்பது பேர் பாதிக் கூலிக்கு. ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். நான் பாயும் டிரங்குப் பெட்டியுமாக அங்கே போனதைப் பார்த்து மேஸ்திரி தளவாய் வழிமறித்தான்.

"என்னவே, பொண்டாட்டி அடிச்சு விரட்டிட்டாளா?"

"காலேஜ் வேலை."

"நம்ம கூலியைத் தின்ன வந்தவனுக்கு வேதமும் சொல்லப்போறீராக்கும்! நடத்தும், நடத்தும்."

கொட்டகையில் மூத்தவன் பத்ரஸ். நாற்பது வயதிருக்கும். மூட்டையைத் தூக்கும்போது சத்தமே காட்டமாட்டான். அவன் தம்பி சுசில். பத்ரஸுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். அவனிடம்தான் பாஷை கேட்டேன். பானி, தண்ணீர். தர்த், வலி. போரா, மூட்டை. தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர்கள் என்னைச் சாச்சா என்றார்கள். சித்தப்பா என்று அர்த்தமாம்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என் சுவிசேஷத் துண்டுப் பிரதிகளை எடுத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேரும் குளித்து, தலை சீவி, வட்டமாக உட்கார்ந்தார்கள். பத்ரஸ் ஒரு பழைய பைபிளைத் திறந்தான். பாட்டுப் பாடினார்கள். பாஷைதான் வேறு. ராகம் எங்கள் கோவில் ராகம்.

"நீங்க வேதக்காரங்களா?" என்றேன்.

"தாத்தாவோட அப்பாவே வேதம்தான் சாச்சா. நீங்க எப்ப ஆனீங்க?"

துண்டுப் பிரதிகளைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். அதைப் பத்ரஸ் பார்த்துவிட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

அன்றைக்கு என் மனைவி சாலோமி சாப்பாடு கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுப் பிடியரிசி டப்பாவைப் பற்றிப் பத்ரஸுக்குச் சொன்னேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் போட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொடுப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அதை விற்ற பணம் வடக்கே ஊழியத்துக்குப் போகும். சாலோமி கல்யாணமான நாளிலிருந்து ஒரு நேரம் தவறினதில்லை. அரிசி இல்லாத நாளில் கடன் வாங்கின அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்திருக்கிறாள்.

பத்ரஸ் சாலோமியைப் பார்த்து, "முட்டி சாவல்" என்றான். கையை மூடிக் காட்டினான். "எங்க அம்மாவும். டெய்லி. ஒரு பிடி." அவர்கள் ஊரிலும் அதே வழக்கமாம். சாலோமிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேருக்கு மீன்குழம்பு வைத்துக்கொண்டு வருவாள். முப்பத்திரண்டு நாள் நான் அங்கே நன்றாகத் தூங்கினேன். அதை மறைக்கவில்லை.

முப்பத்துமூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அட்டி சரிந்தது.

மூட்டைகளை அடுக்கி வைத்த அடுக்கைத்தான் அட்டி என்போம். பதினாறு வரிசைக்குமேல் ஏற்றக்கூடாது என்பது நாங்கள் பழகின கணக்கு. அன்றைக்கு இருபத்திரண்டு வரிசை. அரசுக் கொள்முதல் லாரி வருகிறது, இடம் இல்லை, ஏற்றுங்கள் என்று உத்தரவு. அடி மூட்டை ஈரமாயிருந்தது. நாங்கள் மூட்டைகளை விலக்கிப் பத்ரஸை எடுக்கும்போது அவன் வாயில் அரிசி இருந்தது.

மறுநாள் மத்தியானம் என்னையும் சுசிலையும் ஆலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி காந்திமதிநாதன் அண்ணாச்சி மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு மூட்டை அரிசி சும்மா கொடுத்தவர். சுசிலுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அவன் குடிக்கவில்லை.

"எலியேசரு, நீரு அவங்க பாஷை படிச்சிருக்கீராமே. நல்லதாப் போச்சுவே. பையனுக்குப் பைய எடுத்துச் சொல்லும். எழுவத்தஞ்சாயிரம் ரொக்கம். ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ், டீசல், எல்லாம் என் பொறுப்பு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டா சாயந்தரமே கெளம்பிரலாம்."

தாளை என்னிடம் நீட்டினார். நான் கையில் வாங்கும்போதே கேட்டார்: "ஆமா, உமக்குக் காலேஜ்ல பாக்கி நிக்குதாமே. எவ்வளவு?"

"பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பது அண்ணாச்சி."

யோசிக்காமல் வந்தது. என் பெயரைக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

"அது ஒரு காசா. தளவாய்ட்ட குடுத்துவிடுதேன். நீரு மொதல்ல இதை வாசியும்."

வாசித்தேன். எனக்கு வேகமாக வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் போவேன். அதனால் ஒன்றும் தப்பவில்லை. இறந்துபோனவர் இந்த ஆலையில் வேலை பார்த்தவர் அல்ல. தன் தம்பியைப் பார்க்க வந்த இடத்தில், யார் சொல்லையும் கேட்காமல் அட்டியின்மேல் ஏறி விழுந்துவிட்டார். ஆலைக்கு இதில் பொறுப்பு எதுவும் இல்லை. குடும்பத்தாராகிய நாங்கள் இனிமேல் எந்த நஷ்டஈடும் எந்த இடத்திலும் கேட்கமாட்டோம்.

முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசலில் தளவாயே என் காதில் சொல்லியிருந்தான்: "தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனா பத்து லெச்சத்துக்குக் கொறையாதுவே. ஆனா யாரு போவா?"

சுசில் எட்டாவது படித்தவன். பைபிளைச் சரளமாக வாசிப்பான். எங்கள் எழுத்துதான் தெரியாது. அந்தத் தாளை அவன் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். முப்பத்தொன்பது வருஷம் நானும் அப்படித்தான் தாளைப் பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பிறகு, நம்மைச் சேர்ந்தவன் என்று யாரை நினைக்கிறோமோ அவன் முகத்தைப் பார்ப்போம்.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"க்யா லிக்கா ஹே, சாச்சா?"

என்ன எழுதியிருக்கிறது, சித்தப்பா. அவ்வளவுதான் கேட்டான். என்னிடம் நூற்றுப்பன்னிரண்டு வார்த்தை இருந்தது. பொய் என்பதற்கு வார்த்தை இருந்தது. வேண்டாம் என்பதற்கு இருந்தது. கையெழுத்துப் போடாதே என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும்.

"பைசா தேங்கே" என்றேன். பணம் தருவார்கள். "காடி தேங்கே. கர் ஜாவோ." வண்டி தருவார்கள். வீட்டுக்குப் போ.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அவன் உடனே பேனாவை எடுத்தான். இந்தி எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கோடு போட்டு அழகாகப் பெயர் எழுதினான். பிறகு எழுந்துவந்து என் காலைத் தொட்டான்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. சாலோமி வழிச்சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் கேட்டாள்.

"அந்தத் தாள்ல என்ன போட்டிருந்துச்சு?"

சொன்னேன். அவளிடம் மறைக்கத் தெரியாது.

"நீங்க அவன்ட்ட என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னேன்.

அவள் கத்தினால் நன்றாயிருந்திருக்கும். உள்ளே போய்ப் பிடியரிசி டப்பாவை எடுத்து, இருந்த அரிசி முழுவதையும் எங்கள் அரிசிப் பானையில் கொட்டினாள்.

"ஏட்டி, மாசக் கடைசிதானே. கோயிலுக்குக் கொண்டுபோவலையா?"

"எந்த மூஞ்சோட?" என்றாள்.

அதற்கப்புறம் அந்த டப்பாவில் சீயக்காய் போட்டு வைத்திருக்கிறாள்.

மீதி ஏழு நாளைக்கும் கொட்டகையில் போய்ப் படுத்தேன். நாற்பது நாள் கணக்குச் சரியாக இருக்கவேண்டுமே. மற்ற ஏழு பேரும் எனக்கும் சேர்த்துத்தான் ரொட்டி சுட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் கல்லை எடுத்து எறிந்திருப்பார்கள். எறிந்திருக்கலாம்.

களப்பணித் தாளைப் பென்சிலில் எழுதி, அதன்மேல் பேனாவில் எழுதிக் கொடுத்தேன். என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், யார் சொன்னால் கேட்கிறார்கள் எல்லாம் எழுதினேன். ஒரு கேள்வியை மட்டும் விட்டிருந்தேன். ஸ்வீட்லின் டீச்சர் வகுப்பில் வைத்தே கேட்டார்.

"அண்ணன், எல்லாரையும்விட நீங்கதான் நல்லா எழுதியிருக்கீங்க. பதினாலாவது கேள்வி மட்டும் காலியா இருக்கே? அந்த மக்கள் உங்களை நம்பிய ஒரு சம்பவம். அதுதானே முக்கியம்? நாப்பது நாள்ல ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப எழுதுங்க. ஒரு வரி போதும்."

அவர் மேஜைமேல் வைத்தே எழுதினேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான், நான் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டான்.

டீச்சர் வாசித்துவிட்டுச் சிவப்பு மையால் ஒரு சரி போட்டார். பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்டதற்குத்தான் நான் பதில் எழுதினேன்.

வகுப்பு முடிந்து கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். தளவாய் கொடுத்த உறை சட்டைப்பைக்குள் இருந்தது. கணக்குப் பார்க்கிற தேவேந்திரன் சார் நோட்டுகளை எண்ணினார். ஐந்நூறு முப்பத்தேழு, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று. அண்ணாச்சி ஒரு ரூபாய் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"என்ன எலியேசரு, உபதேசியார் ஆகப்போறீராமே! ஸ்வீட் எங்கவே?"

"வாங்கிட்டு வாரேன் சார்."

ரசீது எழுதி முத்திரை வைத்தார். பெரிய பேரேட்டில் என் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பி, பாக்கி இருந்த இடத்தில் சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் 'நிலுவை இல்லை' என்று எழுதினார். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நல்லா வாசிச்சுப் பாத்துட்டு அதுக்கு நேரா கையெழுத்துப் போடும். பொறவு வந்து, அங்கன அப்படி இருந்துச்சு, இங்கன இப்படி இருந்துச்சுன்னு சொல்லக்கூடாது."

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.