ஹுணிகே வீட்டின் பெயர்

மாலத்தீவு நாட்டின் தெற்கே, ஃபுவஹ்முலா தீவின் சுகாதார நிலையத்தில் நோயாளிகளின் விவரங்களை, எல்லாத் தீவு ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவான கணினிப் பதிவில் ஏற்றுவது ஷௌகீயின் வேலை. தெற்குத் தீவுகளின் பேச்சில் நம் 'ண' போல ஓர் ஓசை உண்டு. அதற்கிருந்த எழுத்தைத் தலைநகர் மாலேக்காரர்கள் எப்போதோ வேண்டாமென்று தள்ளிவிட்டு, 'ன' ஒன்றே போதும் என்று வைத்துவிட்டார்கள்.

கணினிக்கு எழுத்தென்பது ஓர் எண். தள்ளிவிட்ட எழுத்துக்கும் உலகப் பட்டியலில் எண் கிடைத்திருந்தது, உயிர்க்குறிகளெல்லாம் முடிந்தபின் கடைசி வரிசையில். அதை அறிந்ததும் ஷௌகீ யாரையும் கேட்காமல் தன் விசைப்பலகையில் அதற்கு ஒரு விசை அமைத்துக்கொண்டான்.

சன்ஃபா மனிக்கே ரத்த அழுத்தம் பார்க்க வந்தவள், அடையாளத்துக்கு வீட்டுப் பெயரைக் கேட்டதுமே சீறினாள்.

"ஹுணிகே. 'ன' போட்டுத் தொலைக்காதேடா, அர்த்தமே மாறிடுது. மாலேல ஒருத்தி, தேங்காத் துருவல் வீடான்னு கேட்டுச் சிரிக்கிறா."

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"அட பாவி! இதை எங்கேருந்துடா பிடிச்சே?" கிழவியின் வாயெல்லாம் வெற்றிலைச் சிரிப்பு.

அன்று டாக்டர் சொன்ன 'பெனிசிலின் ஆகாது' என்ற குறிப்பையும் அதே பக்கத்தில் ஏற்றினான்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சுகாதார நிலையத்துக்கு விடுமுறை. கடும் காய்ச்சலில் நினைவிழந்த சன்ஃபா மனிக்கேயை அக்கம்பக்கத்தார் படகில் ஏற்றி அடுத்த தீவுக்கூட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரே மகள் நஹூலா மாலேயில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் பெயரையும் வீட்டையும் கேட்டு எல்லோரும் எழுதுகிற 'ன' போட்டுத் தேடினார்கள். அப்படி ஒருத்தி இல்லை என்றது கணினி. பெனிசிலின் ஊசி போட்டார்கள். அரைமணி நேரத்தில் மூச்சு அடைத்து உயிர் போய்விட்டது.

சனிக்கிழமை, செய்தி கேட்டதும், ஷௌகீ தன் மேசையில் உட்கார்ந்து 'ன' போட்டுத் தேடினான். யாருமில்லை. தன் விசையைத் தட்டினான். சன்ஃபா மனிக்கே திரையில் வந்து நின்றாள், அந்தக் குறிப்போடு. அப்படி அவன் ஏற்றியிருந்தது நாற்பத்தோரு பேர். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் எல்லாவற்றையும் மாற்றினான். அவளுடையதை மட்டும் தொடவில்லை.

பிறகு, சேதி கேட்டு ஊர் வந்திருந்த நஹூலாவைத் தேடிப்போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

"அப்படி எழுதச் சொன்னது அம்மாதானே?" என்றாள் அவள்.

"ஆமா."

"அம்மாவுக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரியுமா, ஷௌகீண்ணே?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுவாரம் இறப்பைப் பதிய அவளே வந்தாள். அந்தத் தீவில் அதற்கும் அவனைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுப் பெயரில் அவன் விரல் நின்றது.

"எப்படி எழுதட்டும், நஹூலா?"

"தேடினா கிடைக்கிற மாதிரி எழுதுங்க."

அவன் 'ன' போட்டான். அச்சாகி வந்த தாளை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமலே வெயிலில் இறங்கிப் போனாள்.