அதிகாரி பாறைக்குள் இருக்கிறார்

1

இந்தக் கதை ஒரு மிரட்டலில் பிறந்தது. "என் மீன்தொட்டியைப் பத்தி எழுது. ஆனா கதைக்காகக்கூட மீனைச் சாகடிச்சே, இந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்றாள் அக்கா. அவள் தையற்காரி. எதையும் அளந்துதான் பேசுவாள், பேசியபடியே வெட்டுவாள்.

முதல் தொடக்கம்: "நீலக் கடலின் அடியாழத்தில்..."

(அடித்துவிட்டேன். தொட்டி தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆழம் ஒரு முழம்.)

இரண்டாம் தொடக்கம்: "தொட்டியில் மீனே இல்லை." இதுதான் உண்மை. உப்புத்தண்ணீர் கலந்து, பாறைகளை அடுக்கி, வாரக்கணக்கில் வெறுமனே ஓடவிட வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் முதலில் பாறையில் குடியேற வேண்டும். துப்புரவுக்காரர்கள் வந்த பிறகே குடித்தனக்காரர் வரலாம். அந்த நுண்ணுயிர்கள் எப்படியென்றால்...

(இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அக்கா கேட்டாள்: "மீன் எப்படா வரும்?")

2

வந்துவிட்டது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கோமாளி மீன். மூலைமூலையாகப் போய் மேற்பார்வை பார்த்ததால் 'அதிகாரி' என்று பெயர்.

இப்போது அதிகாரி சாப்பிடுவதில்லை. பாறை இடுக்கில் ஒதுங்கி மூச்சு வாங்குகிறார்.

குற்றவாளி, உணவகச் சமையல்காரரான அக்கா கணவர். நான் மாமா என்பேன். தண்ணீர் மட்டம் இறங்கும்போதெல்லாம், அன்போடு, உப்புத்தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்.

(விளக்காமல் என்னால் இருக்க முடியாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே, குறைந்ததைச் சுத்திகரித்த நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்ற ஊற்றக் கரிப்பு ஏறிக்கொண்டே போகும்.)

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். சூப் சுண்டினால் கரிக்கும் என்று தெரிந்த ஒரு சமையல்காரர் இப்படிச் செய்வாரா? நீங்கள் நம்புவீர்களா? அவரை வங்கி ஊழியராக மாற்றிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவரையே கேட்டுவிடலாம்.

"மாமா, சூப் சுண்டிப்போனா என்ன ஊத்துவீங்க?"

"தண்ணிதான். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அப்போ தொட்டியில?"

"அது சட்டி மாப்ளே, இது கடல். கடல்ல எவன் போய் நல்ல தண்ணி ஊத்துறான்?"

"மழை, மாமா."

மாமா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அச்சு அசல் அதிகாரி.

"நாக்குல வச்சுப் பார்த்தேனே. உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"உங்க கைப்பக்குவத்தை மீன் கேட்டுச்சா?" என்றாள் அக்கா, குண்டூசியைப் பல்லில் கடித்தபடி. "உப்பு அளக்கற மீட்டர் எதுக்கு வாங்கினேன், அலமாரிக்கு அழகுக்கா?" பிறகு ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அது மட்டும் செத்துச்சுன்னா..."

(அவள் முடிக்காத வாக்கியம். நானும் முடிக்கவில்லை.)

4

ஒரு முடிவு: மாமா ஒரு வாளி நல்ல தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்க்கிறார், அதிகாரி...

(கூடாது. கரிப்பு சடாரென இறங்கினாலும் தொட்டியிலுள்ள உயிர்கள் தாங்காது.)

இன்னொரு முடிவு: அதிகாரி வெளியே வந்து, மாமாவை மன்னித்து...

(எனக்குத் தெரிந்த மீன் எதுவும் யாரையும் மன்னித்ததில்லை.)

உண்மையில் நடப்பது இதுதான். மாமா ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரை எடுக்கிறார். ஒரு கோப்பை நல்ல தண்ணீரை விளிம்போரமாக விடுகிறார். அக்கா மீட்டரைப் பார்க்கிறாள். காத்திருக்கிறார்கள்.

"இப்படியே எவ்வளவு நேரம் மாப்ளே?"

"நேரமா? நாள்கணக்கா, மாமா."

அவர் உணவகத்துக்குக் கிளம்பியாக வேண்டும், அக்காவுக்குத் தைக்க இரண்டு மேலங்கி பாக்கி. கோப்பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று எடுங்கள், ஒன்று விடுங்கள். அடுத்த கோப்பைக்கு முன் எழுந்துபோய் உங்கள் வேலை எதையாவது பாருங்கள். முடிவு தெரிய வேண்டும் என்று அவசரமாகச் சாய்த்துவிடாதீர்கள். கதை கெட்டால் கெட்டுப் போகட்டும். உள்ளே ஓர் உயிர் இருக்கிறது.