வாயாடியின் ஐந்து சுரங்கள்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் நாள் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு வந்தும், அக்கா ஒன்று சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள். "வாயை மூடுடி" என்று அக்கா சொல்லாத நாளே இல்லை.

ஆனால் கிட்டாரை எடுத்தால் அந்த வாய் எங்கே போகுமோ! அவர்கள் குழு வாசிக்கும் ப்ளூஸ் இசைக்குப் பென்டடோனிக் என்ற வரிசை போதும், ஐந்தே சுரம். அதை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். இவளோ மாடிப்படி மாதிரி அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கச்சேரியில சரியா வரலைன்னா, இனிமே தனியா வாசிக்கிற சோலோ கீபோர்டுக்குத்தான்."

ரோஷம் வந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு சோலோவைத் தயாரித்து மனப்பாடம் செய்துவிட்டாள்.

மேடையேறும் நேரத்தில், குழுவில் பாடும் அக்கா தொண்டையைக் கனைத்தாள். "ஜலதோஷம். ஏ சுருதியில பாட முடியாது, ஜி-க்கு இறக்கிடுங்க."

இவள் மனப்பாடம் செய்ததில் பாதி, விரலே வைக்காமல் மீட்டும் திறந்த கம்பிகளில். அவற்றின் சுரம் மாறாது; பாட்டின் சுருதி மாறினால் அத்தனையும் குப்பை.

"ஏ-லயே பாடேன்க்கா..."

"வாயை மூடுடி. வா."

சோலோ வந்தது. கிட்டாரின் கழுத்தில் கையை இரண்டு ஃபிரெட், இரண்டு கட்டம், கீழே நகர்த்தினாள். மறுபடி அதே மாடிப்படி. மாமாவின் முகம் சுண்டியது.

ஒதுங்கி நிற்க வேண்டிய அக்கா, இடுப்பில் கைவைத்து இவள் பக்கம் திரும்பி, பாட்டின் முதல் வரியை மறுபடி எடுத்தாள்: "இவ்வளவு நேரம் எங்கே போனே, சொல்லு!" தாமதமாக வீட்டுக்கு வந்தால் முறைப்பாளே, அதே முறைப்பு.

அக்கா கேட்டு இவள் சும்மா இருந்ததுண்டா? மூன்றே சுரம், கடைசியில் கம்பியை இழுத்து வளைத்தாள். 'உனக்கென்ன?' என்று கேட்டதுபோலவே இருந்தது. அரங்கம் சிரித்தது. அக்கா மறுபடி அதட்டிப் பாடினாள். இவள் வேண்டுமென்றே கொஞ்சம் காக்கவைத்து, ஒரே சுரத்தில் வெட்டினாள். சிரித்த சிரிப்பில் மாமாவுக்குத் தாளம் ஒரு அடி தவறியது.

அதே ஐந்து சுரம்தான். இப்போது அவள் பேசினாள். அட, நானா இது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

சோலோவுக்கான பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக்கட்டு, முடிந்ததும் பின்வாங்கப் போனவளை அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை பேர் முன்னால், மைக்கிலேயே சொன்னாள்:

"இவ என் தங்கச்சி! எங்கடி ஓடுற? இன்னும் பேசு!"