குடலுக்கு வெயில்

மத்தியானம் ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது, என் புருஷன் மாயாண்டி திடலின் நடுவில் கோணிச்சாக்கை விரித்து, உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு குப்புறக் கிடந்தார். முந்தின நாள் மல்லாந்து கிடந்தார். குடல் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. அதனால் முறை வைத்துக் கிடந்தார். குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை, "ராக்கு, கருவாட்டத் திருப்பிப் போடு, ஒரு பக்கம் கருகுது லா" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

இரண்டு மாதமாக அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை, துணி துவைக்கிறவள் நான். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் இழுத்துப் போனேன். அந்த மனுஷனுக்கு இடுப்புக்கு மேலே எது வந்தாலும் காய்ச்சல், கீழே எது வந்தாலும் மூலம். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஒரு களிம்பைக் கொடுத்து, "மொளகாயக் கொற" என்று அனுப்பிவிட்டார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் இவர் மாட்டேன் என்றார். "அங்க கைய வுட்டுப் பாப்பானுங்களாம் புள்ள. நான் ஆம்பள லா." ஆம்பளை எடை குறைந்துகொண்டே வந்தார். கால்சட்டையைக் கயிற்றால் கட்டினார். கடைசியில் என் வாய்க்குப் பயந்து, திங்கட்கிழமை வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருநாவுக்கரசு வந்து சேர்ந்தார். சிரம்பானில் ஏதோ சங்கத்துக்குத் தலைவர். கோயில் மண்டபத்தில் இருந்த ஒரே காற்றாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சுகாதாரம் பற்றிப் பேசினார். வெள்ளைக்காரன் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிவிட்டானாம். வெயில் பட்டால் உடம்பில் வைட்டமின் டி ஊறுமாம். அது இருக்கிறவனைக் குடல் புற்று அண்டாதாம். "தோட்டத் தொழிலாளர்களே, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்! காசில்லாத மருந்தில் தினமும் குளிக்கிறீர்கள்!" என்று கையை உயர்த்தினார். நாங்கள் கைதட்டினோம். முடிந்ததும் சாப்பிட மீஹூன் பொட்டலம் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

பால் மரம் வெட்டுகிறவனுக்கு வெயிலைக் காட்டிய மகராசன்! விடிவதற்கு முன்னால் காட்டுக்குள் நுழைகிறோம். கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, காலை மூடக் கால்மேசு, தலையில் துணி. மேலே இலை மூடிக்கொண்டிருக்கும். சட்டையைக் கழற்றினால் என் புருஷன் இரண்டு நிறம். இதை யாராவது எழுந்து கேட்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் மாயாண்டி வீட்டுக்கு வரும் வழியிலேயே யோசித்துவிட்டார். 

"நெழல்லயே பொழச்சோம், அதான் வந்துருச்சு. இனிமே வெயில்ல கெடந்தாப் போயிரும். ஆஸ்பத்திரியும் வேணாம், ஒரு எழவும் வேணாம்."

திங்கட்கிழமை போயிற்று. அவர் பாதி நிரை மரம் வெட்டியதோடு கத்தியைக் கட்டி வைத்துவிட்டுத் திடலுக்குப் போகத் தொடங்கினார். என்ன கெட்ட நேரமோ, சில நாளில் ரத்தம் நின்றது. லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாராயக் கடையில் இரண்டு பேர் அவரிடம் யோசனை கேட்டார்கள்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுக்கத் திருநாவுக்கரசு மறுபடி வந்தார். மாயாண்டி எங்கள் சேவலைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே போனேன். கறுப்புக் கண்ணாடி போட்ட மோட்டார் காடி வந்து நின்றது. வெயிலைப் புகழ்ந்த மனுஷன் குடை பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஐயா, ஒங்க வாக்கு பலிச்சிருச்சு" என்று மாயாண்டி சேவலை அவர் காலடியில் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வெள்ளை வேட்டியின் பின்புறம் சிவப்பாகப் பரவியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். திருநாவுக்கரசு இரண்டடி பின்னால் போனார்.

"என்னம்மா இது?"

"ரெண்டு மாசத்துக்கு மேலயே ரத்தம் போவுதுங்க, நடுவுல கொஞ்சம் நின்னுச்சு. ஒங்க பேச்சக் கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாம வெயில்ல கெடந்தாரு."

"நான் வராதுன்னுதாம்மா சொன்னேன். வந்தாப் போயிரும்னு சொல்லலியே!"

"சரிங்க ஐயா. அப்ப நோவு வந்தவர ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போங்க."

"தோட்டத்து லாரி இல்லியா?"

"பால் ஏத்திக்கிட்டுப் போயிருச்சு."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் பார்க்கும்போது அவரால் நல்லவராக இல்லாமல் இருக்க முடியாது. காடியின் பின்னாலிருந்து பழைய பத்திரிகைகளை எடுத்து இருக்கையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தார். தன் படம் வந்த தாளை மட்டும் உருவி முன்னால் வைத்துக்கொண்டார்.

"வேணாம் புள்ள, நாளைக்கிப் போவோம் லா" என்று முனகினார் என் வீரர்.

"ஏறுய்யா."

கதவைச் சாத்தப் போகும்போது பஞ்சாலை சேவலையும் தூக்கி உள்ளே போட்டாள். "குடுத்தது குடுத்ததுதான் லா!"

ரந்தாவ் கடைத்தெருவைத் தாண்டினோம். உள்ளே ஐஸ் கடை மாதிரிக் குளிர். கண்ணாடியை இறக்கப் போனேன். "தெறக்காதீங்க, குளிர் போயிரும்" என்றார் முன்னால் இருந்தவர். மாயாண்டிக்குப் பல் தந்தியடித்தது. உதட்டில் நிறமே இல்லை. காகிதம் அவருக்கு அடியில் நனைந்து சத்தமில்லாமல் ஆகிவிட்டது.

"ஏ புள்ள" என்றார் மெதுவாக. "கைய வுடுவாங்களா?"

"வுடுவாங்க."

மாயாண்டி கீழே கிடந்த சேவலை எடுத்து மடியில் வைத்து, அதன் இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் கைகளை நுழைத்துக்கொண்டார். சேவல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், அசையாமல் இருந்தது.