நவம்பரில் கேட்ட பால்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு வசனத்திலிருந்து வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் மற்றவரிடம் சொன்னார்: "அவ என்ரை பிழையையும் சேர்த்தெல்லோ களவெடுத்திருக்கிறா."

கோப்பாயில் அவர் இறங்கிவிட்டார். நகை களவுபோகும், சைக்கிள் களவுபோகும். பிழையை யார் களவெடுப்பார்கள்? மீதி வழி முழுவதும் அதே யோசனைதான். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆரபி என்று வைத்துக்கொள்கிறேன். கீழே வருவதெல்லாம் நான் கட்டியது. நம்புவதற்கு முன் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இந்தக் கதைக்கு அது பொருந்தும்.

2

முதல் தொடக்கம்: "ஆரபிக்கு அன்று சோறு இறங்க—" வேண்டாம்.

இரண்டாவது: "சந்தேகம் என்பது ஒரு புழு." இதுவும் வேண்டாம். புழு என்ன பாவம் செய்தது?

மூன்றாவதைக் கொண்டு போகலாம். ஆரபி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறாள். அவளுடைய ஆய்வு நானூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்தைப் பற்றியது. அங்கே கிராமங்களில் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களைப் பற்றி, அயலவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலங்களை அவள் ஆராய்கிறாள். வெளியே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் இரைந்துகொண்டிருக்க, அந்தப் பழைய கையெழுத்துகளின் படங்களைக் கணினியில் பெருப்பித்துப் பெருப்பித்து வாசிப்பாள்.

அவற்றில் அவளுக்கு மிக நெருக்கமானவள் மார்ஜரி என்ற கிழவி. மார்ஜரி ஒரு நவம்பரில் அயல்வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் பால் கேட்டாள். இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். பெப்ரவரியில் அந்த வீட்டுக் கன்று செத்தது. மார்ஜரி சூனியக்காரி ஆனாள். வாக்குமூலத்தில் இரண்டு மாதங்களுக்குப் பக்கத்திலும் ஒரே ஆண்டுதான் எழுதியிருக்கிறது.

பிழை இங்கேதான் நடந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வருஷம் மார்ச் இருபத்தைந்தில்தான் பிறக்கும். ஆகவே அதே ஆண்டுக்குள் பெப்ரவரி, நவம்பருக்குப் பிறகு வருகிற மாதம். [நமக்குச் சித்திரையில் வருஷம் பிறப்பதையும் மாசி அதன் கடைசிப் பக்கம் வருவதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.]

ஆரபிக்கு இது நன்றாகத் தெரியும். முதலாம் வருஷ மாணவருக்கே படிப்பிப்பாள். ஆனாலும் தன் ஆய்வின் முதல் வரைவில் அதை மறந்துபோனாள். கன்று முதலில் செத்தது, அதனால் அயலவர் மார்ஜரியைச் சந்தேகித்தார்கள், சந்தேகித்ததால் பால் மறுத்தார்கள் என்று ஒரு அத்தியாயமே எழுதினாள். பிறகு ஒருநாள் பிழை கண்ணில் பட்டது. எல்லாம் தலைகீழ். அவர்கள் மறுத்தது முதலில், சந்தேகித்தது பிறகு. கதவைச் சாத்தியவர்களுக்கு மனம் உறுத்தியது. கன்று செத்ததும் அந்த உறுத்தலுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

ஆரபி அத்தியாயத்தை அழித்துப் புதிதாக எழுதினாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

4

[மூன்றாம் பகுதி இருக்கிறது. இப்போது தர மனமில்லை.]

ஜொய்சி அதே துறையில் தகுதிகாண் விரிவுரையாளர், உடுவில்காரி. வேலை நிரந்தரமாவதற்காக அவள் ஒரு ஆய்வுக் கட்டுரை கொடுத்திருந்தாள். அதைப் பற்றி ஆரபி அறிக்கை எழுத வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். நல்லதென்று எழுதினால் ஜொய்சிக்கு வேலை நிற்கும். களவென்று எழுதினால் இந்த வேலை மட்டுமல்ல, வேறெந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலையும் அவள் மிதிக்க முடியாது.

கட்டுரைக்குள் மார்ஜரி இருந்தாள். பெப்ரவரியில் கன்று செத்தது, நவம்பரில் பால் மறுக்கப்பட்டது என்று அதே வரிசையில். ஆரபி அழித்த அதே முடிவு.

பழைய பிரதிகளை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. சரியானதை இரண்டு பேர் தனித்தனியாகவே கண்டுபிடிக்கலாம். இருவரிடமும் ஒரே பிழை இருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆரபி அந்த விதியைப் பிடித்துக்கொண்டாள். சக விரிவுரையாளர் மயூரதனிடம் பட்டும் படாமலும் பேச்சுக் கொடுத்தாள். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னதெண்டு வேண்டாம். பிறிண்டரிலை கிடக்கிற உங்கடை பேப்பருகளை எடுத்துக்கொண்டு வந்து உங்கடை மேசையிலை வைக்கிறது ஆர்? உந்தப் பிள்ளைதானே? சும்மா ஒருத்தர் உப்பிடிச் சேவகம் செய்வாரோ?"

[மயூரதனையும் நான் சந்தேகிக்கிறேன். கதைக்கு ஒரு கோள்சொல்லி தேவைப்பட்டது, கூப்பிட்டுக்கொண்டேன். அவருக்கும் வீட்டில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை இருக்கலாம். அதை எழுத நான் இடம் வைக்கவில்லை. இனி அவர் வரமாட்டார்.]

உண்மைதான். ஜொய்சி அந்தத் தாள்களை ஒழுங்காக அடுக்கி, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மேலே ஸ்டேப்ளரை வைத்துவிட்டுப் போவாள். இவ்வளவு காலமும் அது ஒரு சின்ன நன்மையாக இருந்தது. மயூரதன் பேசி முடிக்க அது சாட்சியமாயிற்று. ஆரபி படிக்கும் வாக்குமூலங்களிலும் அப்படித்தான். மார்ஜரி முன்பொருநாள் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த ஆப்பிளும் நீதிமன்றத்தில் நஞ்சாகிவிட்டது.

3

இதை இதன் இடத்தில் வைத்திருந்தால் நீங்கள் ஆரபியைத் தொடக்கத்திலிருந்தே ஒரு மாதிரிப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் பின்னுக்குத் தள்ளினேன்.

கட்டுரையைக் கையளிப்பதற்கு முந்திய வாரம், ஜொய்சி அதை ஆரபியிடம் கொண்டு வந்தாள். "அக்கா, ஒருக்கால் பாத்துத் தாறீங்களோ? எங்கையோ பிழை விட்டிருக்கிறன் எண்டு மனம் சொல்லுது."

ஆரபி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இப்ப எனக்கு ஏலாது ஜொய்சி. நீர் உம்மடை பாட்டிலை குடுத்துவிடும்."

பரவாயில்லை அக்கா என்றுவிட்டு ஜொய்சி போய்விட்டாள்.

எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று இப்போது நீங்களே அடுக்கிப் பாருங்கள். ஆரபியும் அடுக்கிப் பார்த்தாள். களவெடுத்தவள் அதை உடையவளிடமே கொண்டுவந்து காட்டுவாளா? காட்டமாட்டாள் என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தாள். பிறகு, 'அண்டைக்கே காட்டினனான்தானே' என்று சொல்வதற்காகவே காட்டியிருப்பாளோ என்று தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் நல்லதும் அதன் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

5

முடிவு ஒன்று. ஆரபி களவென்று எழுதிவிடுகிறாள். ஜொய்சி அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். "அக்கா, எங்கடை கலண்டரிலை பெப்ரவரிக்குப் பிறகுதானே நவம்பர் வரும்? இந்தப் பிழையை நான் ஆரிட்டைப் போய்க் களவெடுக்கிறது? இலவசமா வாசிக்கக் கிடைக்கிறதே நாலைஞ்சு வாக்குமூலம். உங்களுக்கும் மார்ஜரிதான், எனக்கும் மார்ஜரிதான்."

நல்ல பதில். அளவுக்கு மிஞ்சி நல்ல பதில். எனக்கு ஜொய்சியைப் பிடித்துவிட்டது. பிடித்தவர்களின் வாயில் நல்ல வசனத்தை வைப்பது எழுதுகிறவர்களின் பழக்கம். வேலை போகப்போகிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் பேச்சே வந்திராது. [அழித்துவிட்டேன். அதற்குள் நீங்கள் வாசித்துவிட்டீர்கள். நான் என்ன செய்ய?]

முடிவு இரண்டு. ஆரபி ஒன்றும் கேட்காமல் நல்லதென்று எழுதிக் கொடுத்துவிடுகிறாள். பார்வைக்கு இது இரக்கம். ஆனால் உள்ளே சந்தேகத்தை வைத்துக்கொண்டு, ஓய்வுபெறும்வரை பக்கத்து மேசையில் இருந்து சிரிப்பதை நான் இரக்கம் என்று சொல்லமாட்டேன். அதோடு மார்ஜரியின் கதை தலைகீழாகவே அச்சில்—

முடிவு மூன்று. என் மனதுக்கு உகந்தது. சின்ன நன்மைகளைக் கடவுள் கவனிக்கிறார் என்று நம்புகிறவள் நான். நான் எழுதும் கதையில் ஒருத்தி மற்றவளின் வீடு வரைக்குமாவது போக வேண்டும்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரபி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உடுவிலுக்குப் போனாள். வழி முழுக்க ஒரு கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்: என்ரை வரைவை நீர் வாசிச்சனீரோ? சுற்றிவளைக்காத, நேர்மையான கேள்வி.

ஜொய்சி வெளியே வந்தாள். காலை ஆராதனைக்கு உடுத்த சேலையை இன்னும் மாற்றவில்லை. ஆரபியைக் கண்டதும் அவள் முகத்தில் பயம் தெரிந்தது என்று எழுதினேன். அடித்தேன். மகிழ்ச்சி என்று எழுதினேன். அதையும் அடித்தேன். எதை எழுதினாலும் அது தீர்ப்பாகிவிடுகிறது. அவள் கேற்றடிக்கு வந்தாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரபி வாய் திறக்க முன்னமே அவள் கேட்டாள்: "என்ரை கட்டுரையைப் பாக்கவோ அக்கா வந்தனீங்கள்?"

ஆரபியின் பதிலை எழுதப் பலதரம் முயன்றேன். "ஓம்" என்றால் அது பொய். ஆனால் இருவரும் ஒரு மேசையில் இருப்பார்கள். நவம்பரும் பெப்ரவரியும் தங்கள் தங்கள் இடத்துக்குப் போகும். திருத்திய கட்டுரையை ஏற்கலாம் என்று அறிக்கை எழுத வழி பிறக்கும். ஜொய்சி அந்த வரைவை வாசித்தாளா இல்லையா என்பது மட்டும் ஆரபிக்கு ஒருபோதும் தெரியவராது. "இல்லை" என்றால் அது உண்மை. அதற்குப் பிறகு கேட்க வந்ததைக் கேட்டே ஆகவேண்டும். மார்ஜரியின் அயலவர்களும் தாங்கள் உண்மை சொல்வதாக நம்பித்தான் சத்தியம் பண்ணினார்கள்.

பொய் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்த ஓமை எழுத என் கை வரவில்லை. அந்த இல்லையை எழுதவும் வரவில்லை.

வெயில் எறிக்கிறது. ஜொய்சி கேற்றின் கொளுக்கியில் கை வைத்தபடி காத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரே ஒரு சொல்தான் தேவை, அதை நீங்கள் சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், அவளுக்கு நாளை திங்கட்கிழமை.