எல்லாத் துண்டுக்கும் ஒரே ஹார்ட்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாண வீடியோவிலிருந்து கிடைத்தது. என் கல்யாணமில்லை, மலேசியாவில், கிள்ளானில் நான் சாப்பிடப் போன கல்யாணம். அதில் வாய் நிறைய வடையோடு ஒரு கணம் தெரிகிறேன். எழுத்தாளனுக்கு அவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மிச்சத்தை வீடியோக்காரர் ஜெயராஜ் சொன்னார்.

1998. பிரிக்பீல்ட்ஸில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். அன்று நல்ல வெயில். கதை என்றால் மழை பெய்ய வேண்டுமா என்ன?)

2

இது இப்படியிருக்க, பிரிக்பீல்ட்ஸிலிருந்த ஜெயராஜின் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை அவர் இரண்டு டேப் மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை ஓட்டி ஒன்றை நிறுத்தி, ஒவ்வொரு காட்சித் துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த மென்பொருளில் எல்லாத் துண்டுகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு காட்சியை இன்னொன்றாக மாற்றும், நமக்குப் பிடித்த டிரான்சிஷன் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜெயராஜுக்குப் பிடித்தது ஹார்ட். பழைய காட்சியின் நடுவில் ஒரு சின்ன ஹார்ட் முளைக்கும். அதற்குள் புதுக் காட்சி தெரியும். ஹார்ட் வளர்ந்து திரையை விழுங்கிவிடும்.

3

இது இப்படியிருக்க, மணப்பெண் புஷ்பவல்லிக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவர் சபாபதி, சின்னவர் கன்னையா. கோயில் கமிட்டித் தலைவர் பதவிக்கு இருவரும் எதிரெதிராக நின்றார்கள். ஜெயித்தது மூன்றாவது ஆள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கல்யாணத்திலும் ஆளுக்கொரு மூலை.

அம்மா பவுனம்மாள் ஜெயராஜிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருவரும் ஒரே படத்தில் வந்துவிடக் கூடாது. வந்தால் இனி அம்மா வீட்டு வாசலையே மிதிக்க மாட்டேன் என்று பெரியவன் சொல்லிவிட்டான். இன்னொன்று, ஒருத்தனை அதிகமாகவும் ஒருத்தனைக் குறைவாகவும் காட்டக் கூடாது.

ஜெயராஜ் நியாயஸ்தர். விருந்துக் காட்சிகளில் சபாபதிக்கு ஒரு துண்டு, கன்னையாவுக்கு ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி அடுக்கினார். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது என்ற நம்பிக்கையில் போட்டுப் பார்க்காமலே டேப்பை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினார்.

(‘இது இப்படியிருக்க’ எல்லாப் பகுதியிலும் வருகிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம். நானும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டேன்.)

4

இது இப்படியிருக்க, கன்னையாவை வில்லனாக்கிவிட நான் எவ்வளவோ முயன்றேன். அந்த மனிதர் வீடியோ முழுக்கப் பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். பாயசம் குடிப்பவனை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் பண்ணுவது? விட்டுவிட்டேன்.

5

இது இப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை பவுனம்மாள் வீட்டில் சொந்தங்கள் கூடிவிட்டன. சபாபதி டிவி பக்கம், கன்னையா வாசல் பக்கம். தாலி கட்டும் வரை எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு விருந்து வந்தது.

திரையில் சபாபதி கைகட்டி நின்றார். அவர் நெஞ்சில் ஒரு ஹார்ட் முளைத்தது. அதற்குள் கன்னையா பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்து, கன்னையாவின் தொந்தியில் ஒரு ஹார்ட். அதற்குள் அண்ணன் முறைத்துக்கொண்டு நின்றார். மறுபடி அண்ணன் நெஞ்சில் தம்பி. யாரோ ஓர் அத்தை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

சபாபதி எழுந்தார். ஜெயராஜுக்கு உயிரே போய்விட்டது. நிறுத்தக் கையை நீட்டினார்.

“நிறுத்தாத தம்பி,” என்றார் பவுனம்மாள். “ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறத டிவியிலயாச்சும் பாத்துக்கறேன் லா.”

இந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். கிண்டல் கதையில் இதெல்லாம் ஆகாது என்று தெரியும். அடிக்க மனம் வரவில்லை.

6

முடிவு ஒன்று: அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (சீச்சீ.)

முடிவு இரண்டு: சபாபதி விருட்டென்று வெளியேறுகிறார். இதில் ஒரு சிக்கல் உண்டு. வாசலுக்குப் போகும் வழியில் கன்னையா இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அம்மா அப்படிச் சொன்ன பிறகும் மடக்கவில்லை. சபாபதி உடம்புக்கு, அதுவும் வேட்டியோடு, தாண்ட முடியாது. போக வேண்டுமானால் ‘காலை மடக்குடா’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் பேசியதாகிவிடும்.

பிறகு என்ன ஆனது என்று ஜெயராஜைக் கேட்டேன். “எனக்கு எப்படித் தெரியும்? நான் சமையக்கட்டு வழியா ஓடிட்டேன் லா,” என்றார்.

ஆகவே கடைசி இரண்டு துண்டுகளை உங்களிடம் தருகிறேன். ஒன்றில் சபாபதி நிற்கிறார். இன்னொன்றில் கன்னையா அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவே நான் எதையும் போடவில்லை. ‘இது இப்படியிருக்க’கூட இல்லை. என்ன போடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். பவுனம்மாள் டிவியை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.